பறவையைக் காட்டிய ஆசிரியர்



திண்டுக்கல் நகரில், இயேசு சபைக் குருக்களின் இல்லத்தில், முதுமை எய்திய குரு ஒருவர் தம் ஓய்வுக் காலத்தைக் கழித்து வந்தார். அருட்தந்தை சின்னத்துரை என்பது அவர் பெயர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். 1950-களின் தொடக்கத்தில் அவரிடம் பாடம் கேட்ட மாணவர் ஒருவர், அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பின்னும் அவரை மறவாமல், திண்டுக்கல்லுக்கே வந்து அவரைக் கண்டு சென்றார். அம்மாணவர் வேறு யாருமல்லர். 2002 முதல் 2007 வரை இந்திய நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம்.

நம்முள் பெரும்பாலோர் பள்ளிக்கூடம் சென்றவர்களே. ஒவ்வொருவரும் இருபது முப்பது ஆசிரியர்களிடமாவது பாடம் கேட்டிருப்போம். அவர்களுள் எத்தனை பேரைப் பிற்காலத்தில் நாம் தேடிச் சென்றோம்? எத்தனை பேரின் பெயராவது நினைவில் நிற்கிறது? நிற்கின்ற அந்த இரண்டொருவரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர்கள் நடத்திய பாடம் மறந்துபோயிருக்கும். அவர்கள் நம்மை நோக்கிய பார்வை மறந்திராது. ஆசிரியரின் அன்பு ஒரு குழந்தையின் உள்ளத்தில் கல்வியின்மீது பற்றை எவ்வாறு விளைவிக்கின்றது என்பதை, கலாம் அவர்களுக்கு வாய்த்த ஆசிரியர்களைக் கொண்டே இம்மாதம் சிந்திப்போம். 'அக்னிச் சிறகுகள்' என்னும் தன்வரலாற்றிலும் பிற்காலச் சொற்பொழிவுகளிலும் அவரே அவர்களைப் பற்றி மனம் திறந்து கூறியிருப்பதால், நாம் ஊகித்துப் பேச வேண்டிய தேவை இல்லை.

கடற்கரையில் நடந்த வகுப்பு

1931-ஆம் ஆண்டு இராமேசுவரத்தில் பிறந்த கலாம், அவ்வூர்த் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு பயின்று கொண்டிருந்தார். வயது பத்து. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர். ஒருநாள் அவர் பறவை எவ்வாறு பறக்கிறது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டார். கரும்பலகையில் பறவையின் படத்தை வரைந்தார். தலை, உடல், சிறகு, வால் என்று ஒவ்வொன்றையும் காட்டினார். சிறகை அடித்து எழும்புவதையும், வாலைத் திருப்பித் திசை மாற்றுவதையும் விளக்கினார். பாடம் முடிந்ததும், புரிந்ததா என்று வினவினார். சிறுவன் கலாம் எழுந்து, புரியவில்லை என்றான். வேறு பல மாணவரும் அவ்வாறே கூறினர்.

வாசகர்களே, கதையின் மிகச் சிறந்த பகுதி இனிமேல்தான் வருகிறது என்று பலரும் கருதுவர். என் எண்ணத்தில் அது வந்தாயிற்று. பத்து வயதுப் பிள்ளை எழுந்து நின்று தன் ஆசிரியரிடம் 'புரியவில்லை' என்று சொல்கிறதே, அதுதான் அது! அச்சம் ஆட்சி செய்யும் வகுப்பறையில் அச்சொல்லை நீங்கள் கேட்கவே முடியாது. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாமே புரிந்திருக்கும். 'புரிந்ததா?' என்ற வினாவுக்கு ஒரே குரலில் 'புரிந்தது ஐயா!' என்ற விடை வந்தால், அந்த ஆசிரியர் மகிழ வேண்டியதில்லை. சற்றுக் கவலைப்படுவதே நலம். தன் அறியாமையை மறைக்காமல் காட்டலாம், காட்டினால் ஏளனம் வராது என்ற உறுதி பிள்ளைக்கு இருந்தாலன்றி அச்சொல் வாயிலிருந்து வெளிப்படாது. சிவசுப்பிரமணிய ஐயர் அந்த உறுதியை முன்னரே அவர்களுக்கு அளித்திருந்தார் என்பதற்கு அந்த ஒரு சொல்லே சான்று.

அவர் சினங்கொள்ளவில்லை. மாலையில் பிள்ளைகள் அனைவரையும் இராமேசுவரம் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். அலைகளின் மேலே கூட்டம் கூட்டமாகப் பறவைகள் பறந்து கொண்டிருந்தன. பாருங்கள், சிறகு எப்படி அடிக்கிறது, திரும்பும்போது வால் எப்படி வளைகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். காலையில் சுண்ணக் கோடாக இருந்த பறவை, மாலையில் உயிருடன் வானில் பறந்தது. தன் வாழ்வு இனிப் பறத்தலோடு தொடர்புடையதாகவே இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று அக்கடற்கரையில்தான் தம்முள் விழுந்தது என்று கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் கூறினார். அந்த மாலைப்பொழுதுக்கு ஐயருக்கு ஆன செலவு யாது? ஒரு மைல் நடை, அவ்வளவே. ஏவுகணையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

இதே பள்ளியில் இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் நடந்தது. புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், தொப்பியணிந்த இசுலாமியச் சிறுவனாகிய கலாம், பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரிக்கு அருகில் முன்வரிசையில் அமர்ந்திருப்பதைக் கண்டு பொறாதவராய், அவனை எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பினார். ஒருவன் பின்னால் போய் அமர்ந்து வாடினான். மற்றவன் முன்னால் அமர்ந்தபடியே அழுதான். இராமநாதனின் தந்தை இலட்சுமண சாஸ்திரி, இராமேசுவரம் கோயிலின் தலைமை அருச்சகர். அவர் அந்த ஆசிரியரை வரவழைத்து, மாசற்ற பிள்ளைகளின் உள்ளத்தில் வேற்றுமையின் நஞ்சை விதைக்காதீர் என்று முகத்துக்கு நேரே கண்டித்தார். ஆசிரியர் வருந்தித் திருந்தினார் என்றும் கலாம் மறவாமல் எழுதுகிறார். பெற்றோர்க்கு நான் குறிப்பாகச் சொல்ல விரும்புவது: அங்கே ஒரு தந்தை வாய் திறந்தார், அதுவும் தம் மகனுக்காக மட்டுமன்று, மகனின் தோழனுக்காகவும்.

சிவசுப்பிரமணிய ஐயரோ பாடத்தோடு நிற்கவில்லை. ஒருநாள் கலாமைத் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைத்தார். ஆசாரம் மிக்க அவர்தம் துணைவியார், இசுலாமியச் சிறுவனுக்குத் தம் சமையலறையில் உணவு பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் மனைவியோடு பூசலிடவில்லை. தாமே தம் கையால் பரிமாறி, அச்சிறுவன் அருகிலேயே அமர்ந்து தாமும் உண்டார். அம்மையார் கதவுக்குப் பின்னே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விடைபெறும்போது, அடுத்த வாரமும் வா என்றார் ஐயர். சிறுவன் தயங்கினான். முறைகளை மாற்ற முனைந்தால் இத்தகைய இடர்கள் வரத்தான் செய்யும் என்று ஐயர் தேற்றினார். மறுமுறை சென்றபோது அவ்வம்மையாரே அவனை உள்ளே அழைத்துச் சென்று, தம் கையால் உணவு படைத்தார். பறவைப் பாடத்தைப் போலவே இதுவும் ஒரு பாடம். ஆனால் இதைப் பயின்றவர்கள் இருவர்.

கண்டிப்பும் கனிவும்

பின்னர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளி. அங்கே அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியர், வீட்டை விட்டு வந்து ஏங்கிய பிள்ளைக்கு உற்ற துணையானார். நீ விரும்புவதை உறுதியாக விரும்பு, அது நடக்கும் என்று நம்பு, அதை எதிர்நோக்கி நில் என்று அவர் ஊட்டிய ஊக்கத்தைக் கலாம் வாழ்நாளெல்லாம் பிறருக்குச் சொல்லி வந்தார்.

அதே பள்ளியின் கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் வேறொரு வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, கலாம் கவனமின்றி உள்ளே நுழைந்துவிட்டார். பழைய முறை ஆசிரியர் அல்லவா? கழுத்தைப் பற்றி இழுத்து, எல்லார் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். சில மாதங்களுக்குப் பின் கணக்கில் கலாம் முழு மதிப்பெண் பெற்றபோது, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதே ஆசிரியர் அந்நிகழ்ச்சியை எல்லாருக்கும் எடுத்துரைத்து, என்னிடம் அடி வாங்கியவன் பெரியவனாவான் என்று பெருமையோடு கூறினாராம்.

இந்தக் கதையை மேடையில் கேட்ட தந்தையர் சிலர் பெருமகிழ்ச்சி கொள்வதை நான் கண்டதுண்டு. 'அடியாத மாடு படியாது' என்பது நம் வீடுகளில் இன்னும் வேதவாக்கு. பிள்ளையைப் பள்ளியில் விடும்போது, 'கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா, தோலை உரித்தாலும் கேட்க மாட்டோம்' என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்த தலைமுறை நம்முடையது. அன்பர்களே, இக்கதையைப் பிரம்புக்குச் சான்றிதழாகக் கொள்ளாதீர்கள். அன்று அடிபட்ட பிள்ளைக்குப் பின்புலமாக ஐயரின் கடற்கரையும் சாலமனின் ஊக்கமும் இருந்தன. ஆகவே அவன் தாங்கினான். அவை இல்லாத பிள்ளை அன்றோடு புத்தகப் பையை மூலையில் எறிந்திருப்பான். நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17-ஆம் பிரிவில், பிள்ளைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் ஒருங்கே தடை செய்கிறது. இரண்டாவதைக் கவனியுங்கள். பிரம்பைக் கீழே வைத்தவர்களில் எத்தனை பேர் நாவையும் அடக்கியிருக்கிறார்கள்?

கனிவு என்றால் கண்டிப்பின்மை என்றும் கொள்ளலாகாது. சென்னை எம். ஐ. டி.யில் பேராசிரியர் சீனிவாசன், கலாமின் விமான வடிவமைப்புப் பணி நிறைவளிக்கவில்லை என்று கூறி, மூன்றே நாளில் முடிக்காவிடில் உதவித்தொகை நின்றுவிடும் என்று எச்சரித்தார். ஏழை மாணவனுக்கு அது இடி. இரவு பகல் பாராமல் உழைத்து முடித்தார். குறித்த நாளில் தாமே தேடி வந்த பேராசிரியர், வேலையைக் கண்டதும் அவரைத் தழுவிக்கொண்டு, உனக்கு மிகுந்த நெருக்கடி தருகிறேன் என்பதை அறிந்தே செய்தேன் என்றார். கண்டிப்பின் உள்ளே அன்பு இருந்தது என்பது அம்மாணவருக்குக் கடைசியில் தெரிந்தது. தெரிய வேண்டும். நம் புனித தொன் போஸ்கோ தம் ஆசிரியர்களிடம் ஓயாமல் வற்புறுத்தியது இதைத்தான்: பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுகிறோம் என்று அவர்கள் உணருமாறு நேசிக்க வேண்டும் என்பார் அவர். அவருக்கே அத்தகைய ஆசிரியர் ஒருவர் கிடைத்திருந்தார். 1829-இல், மறையுரை கேட்டுத் திரும்பிய ஏழைச் சிறுவன் அதை அப்படியே ஒப்பிக்கக் கேட்டு வியந்து, அவனுக்கு இலத்தீன் கற்பிக்க முன்வந்த முதிய குரு கலோசோ. ஓராண்டிலேயே அவர் இறந்துவிட்டார். ஆயினும் அந்த ஓராண்டு போதுமானதாயிற்று.

தீபாவளி எண்ணெய்

1950-இல் கலாம் திருச்சி தூய வளனார் கல்லூரியில் சேர்ந்தார். 1844-இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையினர் தொடங்கி, 1883-இல் திருச்சிக்கு மாற்றிய கல்லூரி அது. நான்கு ஆண்டுகள் அங்கே பயின்றார். அருட்தந்தை சின்னத்துரையும், பேராசிரியர் கிருஷ்ணமூர்த்தியும் அணுவின் உட்பகுதியைப் பற்றிய இயற்பியலை அவருக்கு அறிமுகம் செய்தனர். கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து பாதியாகும் கால அளவு, எது நிலையானது எது நிலையற்றது என்பன போன்ற வினாக்கள் அப்போது அவரைப் பற்றிக்கொண்டன.

ஆனால் கலாம் விடுதி வாழ்வைப் பற்றி எழுதும் பகுதியே என் உள்ளத்தை மிகவும் தொட்டது. ஆங்கில ஆசிரியரான அருட்தந்தை செக்வேரா விடுதிக் காப்பாளராகவும் இருந்தார். மூன்று மாடிக் கட்டடத்தில் ஏறத்தாழ நூறு மாணவர். ஒவ்வோர் இரவும் கையில் விவிலியத்தோடு ஒவ்வொருவரையும் சென்று பார்த்துவிட்டே அவர் உறங்கச் செல்வார். தீபாவளியன்று, அவரது பணிப்பின்படி, விடுதியைக் கவனித்த சகோதரரும் உணவுக்கூடத்தில் பணி செய்தவர்களும் அறை அறையாகச் சென்று, மாணவர்க்கு எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் வழங்குவார்களாம். கையில் விவிலியம், அறை வாசலில் நல்லெண்ணெய்! விசுவாசத்தில் சிறிதும் தளராத ஒருவரால்தான் இது இயலும். வீட்டை நினைத்து ஏங்கும் பிள்ளைக்குப் பண்டிகை நாளில் தாயின் கை எண்ணெய் வைக்கும் நினைவு வரும் என்பது அவருக்குத் தோன்றியிருக்கிறதே, அதை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் கற்பித்திராது.

மதம் கடந்து ஆசிரியரும் மாணவரும் ஒன்றிய இத்தகைய உறவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் கற்பித்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பழுத்த சைவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய நம் கத்தோலிக்கப் பெருமகன் வேதநாயகம் பிள்ளை அவருடைய ஆருயிர் நண்பர். பிள்ளையவர்கள் தம் மாணவரிடம் பொருள் எதிர்பார்த்ததில்லை. கடன்பட்டு வருந்திய நாள்களிலும் கற்பிப்பதை நிறுத்தியதில்லை. 1871-இல் அவரிடம் வந்து சேர்ந்த பதினாறு வயது இளைஞரே உ. வே. சாமிநாதையர். பிள்ளையவர்களிடம் பயின்ற நூல்களில் சீவக சிந்தாமணி இல்லை; சங்க நூல்களும் இல்லை. அவை இருக்கின்றன என்பதையே 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் கேட்ட கேள்வியால்தான் சாமிநாதையர் கருத்தில் கொள்ளத் தொடங்கினார். ஆயினும் அதன் பின் ஊர் ஊராய் அலைந்து ஏடு தேடி, 1887-இல் சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் பதிப்பிக்கும் பசியை அவருக்குத் தந்தவர் யார்? கடலையே அறியாத ஐயர் ஓடத்தைச் செய்து கொடுத்தது போன்றது இது. 1876-இல் பிள்ளையவர்களின் உயிர் பிரிந்த வேளையில், கிறிஸ்தவ மாணவராகிய சவேரிநாத பிள்ளை ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருக்க, சாமிநாதையர் அருகிருந்து திருவாசகம் படித்தார்.

நம் சமவெளியில்

நிற்க. பெரியோர் கதையைக் கேட்டு நெகிழ்வது எளிது. நம் ஊர்ப்பக்கம் வருவோம்.

நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை மொட்டுகளை விடியுமுன் பறித்தாக வேண்டும். வெயில் ஏறினால் மலர்ந்துவிடும், சந்தையில் விலை போகாது. கூலிக்கு ஆள் வைக்க இயலாத வீட்டில் பிள்ளைகளின் விரல்களும் பறிக்கும். அந்தச் சிறுமி கைகழுவி, சீருடை மாற்றி, ஓட்டமாய் ஓடி வகுப்பு வாயிலை அடைகையில் முதல் பாடவேளை நடந்துகொண்டிருக்கும். 'ஏன் தாமதம்?' என்ற கேள்வி அங்கே இரண்டு விதமாக எழக்கூடும். ஒன்று, அவளை வெளியே நிறுத்துவதற்கான கேள்வி. மற்றொன்று, விடையை அறிவதற்கான கேள்வி. சொற்கள் ஒன்றே. ஆனால் அவள் எட்டாம் வகுப்போடு நூற்பாலை வண்டியில் ஏறுவாளா, மேலே படிப்பாளா என்பது பல வேளைகளில் அந்தக் குரலில் தொங்குகிறது. வேடசந்தூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு விடியலில் பெண்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம், இவர்களுள் எத்தனை பேர் எந்த வகுப்பில் எந்தச் சொல்லால் நின்றார்களோ என்று எண்ணாதிருக்க என்னால் இயலவில்லை.

வயிறு ஒரு தடையாக இருந்த காலம் பெரும்பாலும் போயிற்று. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் சத்துணவாக விரிந்தது. 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. சோறு கிடைத்துவிட்டது. கூடவே அமர்ந்து உண்ணும் ஐயர் எங்கே என்பதே கேள்வி.

இருக்கிறார்கள். நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியை ஒருவர் நெம்புகோல் பாடம் நடத்த வேண்டியிருந்தது. வகுப்பில் ஒரு சிறுவனின் தந்தை பூட்டுத் தொழிலாளி. அரத்தூள் படிந்த சட்டையோடு வரும் தந்தையைப் பள்ளி வாயிலில் கண்டால் மகன் தலையைக் குனிந்துகொள்வான். ஆசிரியை அத்தந்தையிடம் ஒரு மாங்காய்ப் பூட்டைக் கேட்டு வாங்கி வந்தார். மேசைமீது வைத்துப் பிரித்தார். உள்ளே இருந்த நெம்புகளையும் வில்லையும் அம்மகனையே அழைத்து விளக்கச் சொன்னார். அவன் விளக்கினான்! சாவியின் எந்தப் பல் எந்த நெம்பைத் தூக்குகிறது என்று, பாடநூலில் இல்லாததையெல்லாம் விளக்கினான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுக்கு அதைவிடப் பெரிய சிறப்பு அந்த வகுப்பறையில் கிடைத்தது என்பேன். அவன் இன்று விஞ்ஞானியா என்று கேட்காதீர்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயில்கிறான். விடுப்பு எடுக்காமல் பயில்கிறான்.

பெற்றோரே, உங்களிடம் சில வார்த்தை. பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் 'எத்தனை மார்க்கு?' என்று கேட்பதை ஒரு திங்கள் நிறுத்திவைத்து, 'இன்று என்ன கேள்வி கேட்டாய்?' என்று கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் விடை வராது, பொறுத்திருங்கள். பிள்ளையின் முன்னிலையில் ஆசிரியரை இகழ்ந்து பேசாதீர்கள். குறை இருப்பின் இலட்சுமண சாஸ்திரியைப் போல நேரில் சென்று சொல்லுங்கள். நல்லாசிரியர் வாய்த்தால் அதையும் நேரில் சென்று சொல்லுங்கள். மாதக் கணக்கில் ஒரு பெற்றோரின் நன்றிச் சொல்லும் கேளாமல் உழைக்கும் ஆசிரியர்களை நான் அறிவேன். குறைகூறப் பள்ளிக்கு ஓடும் நம் கால்கள், நன்றி கூற ஏனோ நகர்வதில்லை.

நம் பங்கில் பட்டம் பெற்ற இளம்பெண்கள் இருவர் வார நாள்களில் மாலை ஆறு முதல் ஏழரை வரை ஆலயக் கூடத்தில் பிள்ளைகளோடு அமர முன்வந்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். வீட்டுப் பாடம் மட்டுமன்று. புரியாததைக் கேட்கவும் வரலாம். பூப்பறிப்பு நாள்களில் பள்ளிக்குத் தாமதமாகும் பிள்ளைகளின் பெயர்களை அன்பியப் பொறுப்பாளர்கள் எழுதித் தந்தால், தலைமையாசிரியர்களை நேரில் கண்டு பேச நானும் உடன் வருகிறேன்.